தொழிற்பேட்டை ஏரிக்கு நீர்ப்பறவைகள் திரும்ப வேண்டுமானால்: பெங்களூருவில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பீண்யா, பொம்மசந்திரா, ஜிகணி, ஒயிட்ஃபீல்டு என்று பெங்களூருவின் எந்தத் தொழிற்பகுதிக்குப் போனாலும், கம்பெனி மதில்களுக்கு இடையில் ஓர் ஏரியோ, ஏரி இருந்ததற்கு அடையாளமான ஒரு பள்ளமோ கண்ணில் படும். அங்கே வேலை பார்க்கும் தமிழர்களில் பலர், குறிப்பாகத் தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் பிரிவில் இருப்பவர்களும் குடியிருப்போர் சங்கங்களில் ஈடுபாடு உள்ளவர்களும், அந்த ஏரியில் மறுபடியும் வாத்துகளையும் நாமக்கோழிகளையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். எங்கே தொடங்குவது என்றுதான் தெரிவதில்லை. அவர்களுக்காக, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, நீரை நிரப்பி, சுற்றிலும் நடைபாதை போட்டுவிட்டால் ஏரி பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பெரும்பாலான வாத்துகளுக்கு அங்கே இரை எடுக்க இடம் இருக்காது. அவற்றுக்கு வேண்டியது முழங்காலுக்கும் குறைவான நீர், மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் நீர்மட்டம், ஆள் நெருங்காத ஓரம் ஆகிய மூன்றும். இவற்றில் நம் ஊரில் அதிகம் மறக்கப்படுவது நீர்மட்டம்தான்.

ஏன் என்பதற்கு இந்த ஏரிகளின் பிறப்பைப் பார்க்க வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த நகரத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. விவசாயத்துக்காக ஓடைகளின் குறுக்கே கரையெடுத்து, மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் எனப்படும் உபரிநீர் வாய் வழியாகக் கீழ் ஏரிக்கு நீர் போகும்படி சங்கிலியாக அமைத்தார்கள். செப்டம்பர், அக்டோபரில் நிரம்பிய ஏரி, வயலுக்குப் பாய்ச்சப் பாய்ச்ச இறங்கி, மார்ச், ஏப்ரலில் ஓரமெல்லாம் சேறாகக் கிடக்கும். வடக்கிலிருந்து வரும் தட்டைவாயன் வாத்தும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்கே தங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலம் முழுவதும், நீர் இறங்க இறங்க ஒவ்வொரு வாரமும் புதிதாக ஓர் ஆழமற்ற விளிம்பு அவற்றுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. இன்று பாசனமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆண்டு முழுவதும் கழிவுநீர் வந்து ஏரியை விளிம்பு வரை நிறுத்தி வைக்கிறது. தொழிற்பகுதி ஏரியில் நாம் செய்யப்போகும் எல்லா வேலையும் அந்த ஏற்ற இறக்கத்தை ஏதோ ஓரளவுக்குத் திரும்பக் கொண்டுவருவதற்காகத்தான்.

முதல் படி: ஏரி யாருடையது, நீர் எங்கிருந்து வருகிறது

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஆவணங்களைத் தொட வேண்டும். பெங்களூருவில் ஏரிகள் பல கைகளில் இருக்கின்றன: 2025-இல் பழைய மாநகராட்சியைப் பிரித்து உருவாக்கிய ஐந்து மாநகராட்சிகள், பெங்களூரு வளர்ச்சி ஆணையம், வனத்துறை, சிறுபாசனத்துறை, நகரத்துக்கு வெளியே கிராம பஞ்சாயத்துகள். தொழிற்பேட்டைக்குள் இருக்கும் சிறு குட்டை, தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்தின் நிலமாகவும் இருக்கக்கூடும். கிராம வரைபடத்தையும் சர்வே எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் ஏரிக்கரையில் நின்றபடியே சர்வே எண்ணைப் பார்க்க முடியும். ஏரி, ராஜகாலுவே எனப்படும் வரத்துக் கால்வாய், அதன் இருபுறமும் கட்டடம் கட்டக்கூடாத இடைவெளி ஆகியவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை நில அளவையாளரைக் கொண்டு கல் நட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. இந்த இடைவெளி வழக்குகளில் மாறிவந்த ஒன்று: தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் ஏரிகளுக்கு 75 மீட்டர் என்று விரிவாக்கியதை உச்ச நீதிமன்றம் 2019-இல் நீக்கியது. ஆகவே வேலை தொடங்கும் நாளில் நடைமுறையில் உள்ள தூரத்தை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.

அனுமதிக்கு ஏரியின் பொறுப்பில் உள்ள துறையோடு ஒப்பந்தம் தேவை. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநில ஏரி ஆணையமும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் தெரிந்து நடக்கும் வேலையாக அது இருக்க வேண்டும். அலுவலக நடையில் சலிப்பு வரும். ஆனால் அனுமதியில்லாமல் இறக்கிய ஜேசிபியால் நின்றுபோன நல்ல வேலைகள் உண்டு என்பதை மனத்தில் வையுங்கள்.

அதே நாட்களில் நீர்வழியையும் நடந்து பாருங்கள். மேலே எந்த ஏரி, கீழே எந்த ஏரி, நடுவில் எத்தனை கம்பெனிகளின் மழைநீர்க் குழாய்கள் கால்வாயில் திறக்கின்றன என்று ஒரு கையெழுத்து வரைபடம் போட்டாலே போதும். பீண்யாப் பக்கத்து ஓடைகள் விருஷபாவதியில் சேர்ந்து பைரமங்கலா ஏரி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகின்றன. பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகப் போகும் நீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்கிறது. அங்கே நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு மேலே என்ன நடக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ஏரியிலிருந்து திருப்பிவிடும் அழுக்கு யாருடைய ஏரிக்கோ, யாருடைய வயலுக்கோதான் போகிறது.

இரண்டாம் படி: ஓராண்டு பார்த்தல்

புதிதாக வருபவர்கள் தாண்டிப்போக விரும்பும் படி இது. முடிந்தால் ஒரு முழு ஆண்டு, முடியாவிட்டால் ஒரு குளிர்காலமும் ஒரு கோடைக்காலமுமாவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில் போய் எந்தப் பறவை ஏரியின் எந்தப் பகுதியில் என்ன செய்கிறது என்று குறியுங்கள். எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். ஏரி முழுவதும் கெட்டுக் கிடந்தாலும் ஏதாவது ஒரு மூலையில், வண்டல் படிந்து நீர் மெலிந்த இடத்தில், பத்துப் பதினைந்து தட்டைவாயன் வாத்துகள் ஒன்றன் வாலை ஒன்று தொட்டதுபோல வட்டமிட்டு நீந்திக்கொண்டிருப்பதைக் காணலாம். முன்னால் போகும் வாத்தின் கால் கலக்கிவிடும் நுண்ணுயிர்களைப் பின்னால் வருவது அகன்ற அலகால் அலசிக்கொள்கிறது. அந்த மூலையில் ஒரு குச்சியை ஊன்றி ஆழத்தைப் பாருங்கள். அந்த அளவுதான் பின்னால் மண்வேலைக்கான அளவு. தூர்வாரும் ஒப்பந்தக்காரர் முதலில் வெட்டி எடுக்க நினைப்பதும் அந்த மூலையைத்தான் என்பதால், வரைபடத்தில் அதைச் சிவப்பு மையால் வளைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நீர்

இந்தப் படியில் தோற்றால் மற்ற எதுவும் நிற்காது. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததும் 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்ததும், சோப்புப் பொருள்களும் பாஸ்பேட்டும் கழிவும் சேர்ந்தால் ஏரி என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த சான்று. தொழிற்பகுதியில் இவற்றோடு உலோகங்களும் சேரும். முலாம் பூசும் பட்டறைகள் நிறைந்த பீண்யாவின் நிலத்தடி நீரில் குரோமியத்தின் நச்சு வடிவமான அறுமதிப்புக் குரோமியம் கண்டறியப்பட்டிருக்கிறது.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கக் கொடுங்கள். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வன உயிர்களுக்கும் மீன்வளத்துக்கும் ஏற்ற நீரை ‘டி’ வகுப்பு என்று வகைப்படுத்தியிருக்கிறது: பி.எச். 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமல். இதுவே நம் முதல் இலக்கு. ஆக்சிஜனை விடியற்காலையில் அளப்பது முக்கியம். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் பிற்பகல் அளவு நம்மை ஏமாற்றும். இந்த வகுப்பின் அளவுகோலில் உலோகங்கள் இல்லை என்பதால் குரோமியம், நிக்கல், ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

வரத்து நீரை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஆலைக் கழிவு ஒரு சொட்டுகூட வரக்கூடாது. அதில் பேரம் இல்லை. வீட்டுக் கழிவுநீர், சுத்திகரித்த பின்பு மட்டும் வரலாம். மழைநீர் வரவேண்டும்; ஆனால் முதல் மழைநீரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மே மாதத்துப் பெருமழை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தொழிற்பேட்டைக் கால்வாயின் வாயில் நின்று பாருங்கள். முதலில் தெர்மாகோல் துண்டும் டீக் கப்பும் பாலித்தீன் உறைகளும் மிதந்து வரும். அடுத்து லேத் பட்டறைகளின் கூலன்ட் எண்ணெய் கலந்து, பால் தெளித்ததுபோல வெளுத்து, மேலே வானவில் படலம் பூத்த நீர் வரும். மழை வலுத்து நெடுநேரம் ஆனபிறகுதான் கால்வாய் செம்மண் நிறத்துக்கு மாறும். அந்தச் செந்நீரே ஏரிக்கு உரியது. அதற்கு முந்தையதைக் கம்பி வலை, எண்ணெய் பிரிக்கும் தொட்டி, வண்டல் தொட்டி ஆகியவற்றில் தடுத்து, தேங்கியதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கால்வாயை ஏரிக்கு வெளியே வளைத்துக் கீழே விட்டுவிடுவது சுலபமான வழி. கீழே இருப்பவர்களுக்குச் செய்யும் துரோகமும்கூட.

சுத்திகரித்த நீரை நேரே ஏரியில் விடாமல், செடிகள் நிறைந்த ஆழமற்ற ஒரு முன்குளத்தில் சில நாட்கள் தங்கவைத்து விடுவது நம் ஊரில் சோதித்துப் பார்த்த முறை. சுமார் 160 ஏக்கர் பரப்புள்ள ஜக்கூர் ஏரிக்கு, 10 எம்.எல்.டி. (நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர்) கொள்ளளவில் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் இப்படிச் சம்பங்கோரைப் படுகை ஒன்றைக் கடந்துதான் போய்ச் சேரும்படி அமைக்கப்பட்டது; கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே வழக்கமாகக் காணக்கூடியவை. உங்கள் இடத்துக்கு எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். ஒரு எம்.எல்.டி. என்பது நாளுக்கு 1,000 கனமீட்டர். அது ஐந்து நாள் தங்க 5,000 கனமீட்டர் இடம் வேண்டும். அரை மீட்டர் ஆழம் என்றால் 10,000 சதுரமீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். நாளுக்கு 100 கனமீட்டர் நீர் வெளியேற்றும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலைக்கு இதில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ கால் ஏக்கர் போதும். செடிகளும் வேர்களும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்குங்கள்.

நான்காம் படி: வண்டல்

தூர்வாருவதற்கு முன் வண்டலைச் சோதியுங்கள். பல ஆண்டுகளாக வந்த உலோகங்கள் நீரில் இல்லாவிட்டாலும் அடிமண்ணில் அடங்கிக் கிடக்கும்; இயந்திரம் இறங்கிக் கலக்கினால் மறுபடி நீருக்கு வரும், தோண்டி வயலில் கொட்டினால் பயிருக்குப் போகும். வரத்துக் கால்வாய் முகப்பு, நடுப்பகுதி, கலங்கல் பக்கம் என்று குறைந்தது மூன்று இடங்களில், மேல்மண்ணும் ஒரு மீட்டர் ஆழ மண்ணும் தனித்தனியாக எடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் வரும் அளவுக்கு உலோகம் இருந்தால், அனுமதி பெற்ற கழிவு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், செலவு பலமடங்காகும். அந்த நிலையில் முழு ஏரியையும் தோண்டாமல், கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைத் தொடாமல் விடுவதைப் பற்றி வல்லுநரிடம் கேளுங்கள். சுத்தமான வண்டல் கிடைத்தால் அதை விற்கவோ ஏற்றியனுப்பவோ வேண்டாம். அடுத்த படிக்கு அது வேண்டும்.

ஐந்தாம் படி: கரையும் ஆழமும்

இந்த நகரத்தில் சீரமைத்த ஏரிகள் பலவற்றைச் ‘சூப் கிண்ணம்’ என்று பறவை ஆர்வலர்கள் குறைசொல்வதுண்டு: சுற்றிலும் செங்குத்தான கரை, நடுவில் எங்கும் ஒரே ஆழம். நீரைத் தேக்க அது நல்லது. வாத்துக்கு அங்கே கால் படாது, தலையைக் கவிழ்த்தாலும் இரை எட்டாது.

யாருக்கு எவ்வளவு ஆழம் என்பதை இப்படி நினைவில் வைக்கலாம். நெடுங்கால் உள்ளானும் மற்ற கரைப்பறவைகளும் ஒரு சாணுக்கும் குறைவான நீரில் நடந்து மேய்கின்றன. நீரில் மிதந்தபடி தலையைக் கவிழ்த்து மேயும் நீலச்சிறகி, ஊசிவால், புள்ளிமூக்கு வாத்துகளுக்கு 30 செ.மீ. வரை வசதி, அதிகம் போனால் 45 செ.மீ. முங்கி மேயும் முக்குளிப்பானுக்கும் நாமக்கோழிக்கும் ஒன்று, ஒன்றரை மீட்டர் இருக்கலாம். இரண்டு மீட்டருக்கு மேல் தோண்டிய பகுதி, கோடையில் மீன் பிழைக்கவும் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் பயன்படும். ஏரியில் அது ஒரு பகுதியாக மட்டும் இருந்தால் போதும்.

சரிவுக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினால்தான் ஒப்பந்தக்காரருக்குப் புரியும். கரையிலிருந்து 2 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் வழக்கமான சரிவில், 30 செ.மீ. ஆழம் வரையிலான பட்டை வெறும் 60 செ.மீ. அகலம்தான் கிடைக்கும். 10-க்கு 1 என்றால் 3 மீட்டர். 20-க்கு 1 என்றால் 6 மீட்டர். ஏரியைத் தாங்கி நிற்கும் பிரதான மண்கரையைத் தொடக்கூடாது; அது அணை, அதன் சரிவைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் சரிவாக்க வேண்டியது எதிர்ப்புறம், வரத்துக் கால்வாய் நுழையும் மேல்முனை. ஏரி இயல்பாகவே மெலிந்து முடியும் இடம் அது. விளிம்பை நேர்கோடாக வெட்டாமல் உள்வாங்கியும் வெளித்தள்ளியும் வளைத்தால், ஒரு கூட்டம் மற்றொன்றின் கண்ணில் படாமல் மேய இடம் கிடைக்கும்.

தோண்டிய நல்ல மண்ணால் தீவுகள் அமைக்கலாம். 2017-இல் ஆனேக்கல் வட்டத்தில் 36 ஏக்கர் கியாலசனஹள்ளி ஏரியை, தான் வேலை பார்த்த நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டு மீட்ட ஆனந்த் மல்லிகவாட், எடுத்த வண்டலிலேயே நடுவில் தீவுகளை எழுப்பினார். தொழிற்பகுதிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வேலை நடக்கமுடியும் என்பதற்கு அது கண்முன் உள்ள உதாரணம். பெரிய தீவு ஒன்றைவிடச் சிறியவை சில நல்லவை. உச்சி, முழுக்கொள்ளளவு மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் இருந்தால் போதும். சுற்றிலும் சரிவு மென்மையாக இருக்கட்டும். கரையிலிருந்து நாய் நடந்து கடக்கமுடியாதபடி இடையில் ஆழமான நீர் இருக்கட்டும். கட்டட இடிபாடுகளைக் கொட்டித் தீவாக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இனி நீர்மட்டம். கலங்கலில் பலகை செருகி உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு சிறு தடுப்பும், பழுதுபார்த்த மதகும் இருந்தால், நவம்பரிலிருந்து மெல்ல மெல்ல நீரை இறக்கிக்கொண்டே வரலாம். வாரத்துக்குச் சில சென்டிமீட்டர் இறங்கினாலே குளிர்காலம் முழுவதும் புதிய சேற்று விளிம்பு கிடைக்கும். செலவு குறைந்த வேலை இது. பலன் எல்லாவற்றிலும் அதிகம். சுத்திகரித்த நீர் ஆண்டு முழுவதும் வரும் ஏரியானால், அதில் ஒரு பகுதியை இந்த மாதங்களில் தோட்டத்துக்கோ தொழிற்சாலைக் குளிரூட்டிக்கோ திருப்புவதற்கு முன்கூட்டியே குழாய் போட்டு வையுங்கள். “தண்ணீரை ஏன் வீணாக இறக்குகிறீர்கள்?” என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள், கரையில் கன்னடத்தில் ஒரு பலகை எழுதி வைத்துவிடுங்கள்.

மண்வேலைக்குக் காலம் உண்டு. வலசைப் பறவைகள் கிளம்பும் மார்ச்சில் தொடங்கி, மே மழைக்கு முன் முடிக்க வேண்டும். புள்ளிமூக்கு வாத்து, தாழைக்கோழி போன்ற உள்ளூர்ப் பறவைகள் மழைக்காலத்தில் கூடு வைப்பதால் ஜூன் முதல் அக்டோபர் வரை கரையோரப் புதரில் இயந்திரம் போகக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையையும் கூட்டையும் சிதைப்பது வேட்டைக்குச் சமம்.

ஆறாம் படி: செடிகளும் மீன்களும்

திறந்த நீரும் செடியும் ஏறத்தாழ சரிபாதியாகத் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும்போது நீர்ப்பறவைகள் அதிகம் தங்குகின்றன என்பது சதுப்புநில ஆய்வுகளில் பலமுறை கண்டது. விளிம்பில் கோரையும் சம்பும், உள்ளே அல்லியும், நீருக்கடியில் வேலம்பாசியும் போதும். சம்பு தானாகவே பரவும். நட வேண்டியதில்லை, அடக்கத்தான் வேண்டும். அல்லி இலைப்பரப்பு கிடைத்தால் நீளவால் இலைக்கோழி அதன்மேல் நடந்து, அங்கேயே மெலிந்த கூட்டில் முட்டையிட்டு, ஆண் பறவை அடைகாப்பதைப் பார்க்கலாம். மேட்டில் நீர்மருதும் நாவலும், தீவில் கருவேலமும் நடலாம். சீழ்க்கைச் சிறகியும் குள்ளத்தாராவும் மரப்பொந்தில் கூடு வைப்பதால் பொந்துள்ள பழைய மரத்தைக் ‘காய்ந்தது’ என்று வெட்டிவிடக்கூடாது. ஆனால் ஏரியைச் சுற்றி நெருக்கமாக மரம் நட்டு மூடிவிடவும் வேண்டாம். வாத்துகளுக்குத் தூரத்திலிருந்தே ஆபத்தைப் பார்க்கத் திறந்த வானம் வேண்டும். மரம் நடுவதைப் படம்பிடித்துப் போட விரும்பும் நிர்வாகங்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்தான்.

ஆகாயத்தாமரையை வாரந்தோறும் கையால் எடுக்க வேண்டும். ஒரு மாதம் விட்டால் மறுபடி இயந்திரம் தேவைப்படும். எடுத்ததைக் கரையில் குவித்து அழுகவிட்டால் அதன் சத்து மழையில் திரும்ப ஏரிக்கே போகும். உடனே உரக்குழிக்கு ஏற்றிவிட வேண்டும். மேலும், அது வேகமாகப் பெருகுவது நீரில் சத்து மிகுதி என்பதன் அறிகுறி. மூன்றாம் படியில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

மீன் விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஜிலேபி கெண்டையும் புல்கெண்டையும் விடக்கூடாது. முதலாவது வளர்க்கத் தடை செய்யப்பட்டது, குஞ்சுப் பறவைகளையும் விழுங்கக்கூடியது. கடைசியானது நீர்ச்செடியைத் தின்று தீர்க்கும். மீன் குத்தகை உள்ள ஏரியானால் குத்தகைதாரரையும் மீன்வளத்துறையையும் தொடக்கத்திலேயே கூட்டத்தில் உட்காரவையுங்கள்.

ஏழாம் படி: மனிதர், நாய், விளக்கு

சுற்றுவட்ட நடைபாதையை முழு வட்டமாகப் போடாதீர்கள். பிரதான கரையில் மட்டும் நடக்கட்டும். மேல்முனைச் சதுப்பு, வேலியிட்ட ஆளற்ற பகுதியாக இருக்கட்டும். இரவு ஷிப்ட் நடக்கும் தொழிற்சாலைகளின் மதில் விளக்குகள் பெரும்பாலும் நீரைப் பார்த்தே எரிகின்றன. கீழ்நோக்கிய மூடி போட்டு, மஞ்சள் ஒளிக்கு மாற்றுவது மின்பிரிவுக்கு அரைநாள் வேலை. ஏரியைக் கடக்கும் மின்கம்பிகளில் கூழைக்கடாவும் நாரையும் மோதி விழும். கம்பியில் பறவை விலக்கிகளைத் தொங்கவிட மின்வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். பிள்ளையார் சிலைகளைக் கரைக்கத் தனியாகக் கல்யாணி எனப்படும் சிறு குளம் கட்டுவது இங்கே வழக்கத்துக்கு வந்துவிட்டதால் அதில் சண்டை குறைவு. படகுவிடும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். தெருநாய்களுக்குக் கருத்தடையும், கரையில் உணவு போடாத ஒழுங்கும் சேர்ந்தால்தான் கூடு பிழைக்கும்.

தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டும் இடம் உள்ளவர்களுக்கு

பக்கத்தில் ஏரி இல்லாவிட்டாலும் மழைநீர்க் குட்டையும் சுத்திகரித்த நீர்க் குளமும் உதவும். ஆனால் பறவையை எங்கே அழைக்கக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ரசாயனக் கழிவுக் குளங்கள், ஆவியாக்கும் தொட்டிகள், எண்ணெய் படர்ந்த தேக்கங்கள் ஆகியவை வானிலிருந்து பார்க்கும் வாத்துக்கு ஏரியாகவே தெரியும். இறங்கினால் அதற்குக் கேடு. அவற்றை இழுத்துக்கட்டிய வலையால் மூடுங்கள், ஓரத்துச் செடிகளை அகற்றுங்கள்.

பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட தீயணைப்பு நீர்க்குளம் மற்றொரு பொறி. தாய் வாத்து பறந்து வெளியேறிவிடும். பஞ்சுபோன்ற குஞ்சுகள் வழுவழுப்பான சரிவில் இரண்டடி ஏறுவதும் வழுக்கி நீரில் விழுவதுமாகச் சோர்ந்து போகும். சரிவின் நான்கு பக்கத்திலும் தென்னைநார்ப் பாயை மேலிருந்து நீருக்குள் தொங்கும்படி கட்டிவிட்டால் போதும், அதைப் பற்றி ஏறிவிடுகின்றன. விமான நிலையங்களுக்கு அருகில் உள்ள வளாகங்கள், பெரிய பறவைக் கூட்டத்தை ஈர்க்கும் எதையும் தொடங்கும் முன் விமான நிலைய நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பணம்

2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும்; சூழல் பாதுகாப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சட்டப்படி ஆலை செய்தே ஆகவேண்டிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பை இந்தக் கணக்கில் எழுதமுடியாது. திட்ட அறிக்கையில் பெரும்பாலோர் மண்வேலைக்கே முழுத்தொகையையும் கேட்டுவிடுகிறார்கள். ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு, அதாவது இரண்டு மூன்று பணியாளர்களின் சம்பளம், களையெடுப்பு, நீர்ச்சோதனை ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கீடு கேளுங்கள். திறப்புவிழா முடிந்தபின் கேட்டால் கிடைப்பது அரிது.

பராமரிப்பும் கணக்கெடுப்பும்

கோடையில் கழுத்தைத் தூக்க முடியாமல், சிறகும் காலும் தளர்ந்து கிடக்கும் வாத்துகளைக் கண்டால் பாட்டுலிசம் என்று சந்தேகிக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்த நீரில் அழுகும் பொருளில் வளரும் பாக்டீரியாவின் நஞ்சு அது. 2019-இல் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்ததற்கு அதுவே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இறந்த உடலில் மொய்க்கும் புழுக்களைத் தின்று மற்றப் பறவைகளும் சாவதால், உடல்களை அன்றன்றே அகற்றுவதுதான் முதல் மருந்து. பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடைத்துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். மாதிரிகளைச் சோதிக்க ஹெப்பாளில் அரசின் கால்நடை நல நிறுவனம் இருக்கிறது.

1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஏரியையும் அதில் சேர்த்துவிடுங்கள். எண்களை மொத்தமாகப் பார்க்காமல் வகைவாரியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். நீர்க்காகமும் கூழைக்கடாவும் மட்டும் கூடியிருந்தால், மீன் இருக்கிறது, ஆழம் அதிகம் என்று பொருள். நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் பெருகி மற்றவை இல்லையென்றால் செடி மிஞ்சிவிட்டது. திட்டுகளை வெட்டி நீரைத் திறக்க வேண்டும். நெடுங்கால் உள்ளான்கள் மட்டும் ஏராளமாக நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள், கழிவு நிறைந்த நீரிலும் அவை செழிக்கும். விடியற்கால ஆக்சிஜனை மறுபடி அளந்து பாருங்கள். தட்டைவாயனும் நீலச்சிறகியும் ஊசிவாலும் ஒன்றிரண்டாவது வந்து, பகல் முழுவதும் தங்கியிருந்தால் விளிம்பின் ஆழம் சரியாக இருக்கிறது. அவை வராத ஏரியில், மார்ச் மாதத்தில் மேல்முனைச் சரிவை இன்னும் கொஞ்சம் மென்மையாக்கி, அடுத்த நவம்பரில் கலங்கல் பலகையை ஒரு படி கீழே இறக்கி வையுங்கள்.